விருந்து விரிப்பில் கேட்ட கேள்விகள்

கோக்-ஜார்,
மார்ச் 9.

அன்புத் தங்கை கனிஷாய்க்கு,

அக்கா புருல்கான் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பிஷ்கெக்கில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் நாங்கள் நலம் என்பதை உங்கள் மருத்துவக் கல்லூரியே அச்சடித்து, முத்திரை குத்தி, எங்களுக்கே அனுப்பிவிட்டது. அதற்கு மேல் நான் வேறு சொல்வானேன்?

நேற்று பெண்கள் தினம். ஊர்த்தலைவர் பெரிய உறையோடு சுகாதார நிலையத்துக்கு வந்தார். உள்ளே டூலிப் பூப் போட்ட ஒரு வாழ்த்து அட்டை. 'கோக்-ஜார் கிராமத்தின் ஆரோக்கியமான பெண்களுக்கு' என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது. அட்டைக்குக் கீழே பதினாறு பக்க அறிக்கை. முதல் பக்கத்தில் படம். வெள்ளைக் கோட்டோடு நடுவில் நீ, சுற்றிலும் உன் மாணவப் பிள்ளைகள் எட்டுப் பேர், ஓரத்தில் தேநீர்க் கெண்டியோடு நான். என் பாதி முகம்தான் படத்துக்குள் வந்திருக்கிறது. கீழே 'சமுதாயக் கூட்டாளி' என்று எழுதியிருக்கிறார்கள். ஊர்த்தலைவருக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியா புருல்கான், நம்ம ஊரு புஸ்தகத்துல வந்துடுச்சு!" என்று அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

நான் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். கரு கலைந்த பெண்கள் பூஜ்யம். நீங்கள் புத்தகத்தில் புருசெல்லோசிஸ் என்று எழுதுகிற ஆட்டுக் காய்ச்சலின் அறிகுறி உள்ளவர்கள் பூஜ்யம். காய்ச்சாத பால் குடிப்பவர்கள் பூஜ்யம். பச்சைப்பால் குடிக்காத கிர்கிஸ் கிராமம் ஒன்று இந்தப் பூமியில் இருந்தால் சொல், நாளைக்கே மூட்டை கட்டி அங்கே போய்விடுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். மூன்று முறை கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று மூன்று முறையும் சொன்னாய். உன் அப்புறம் இன்னும் வரவில்லை. அதோடு எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், மாமனார் உட்காரும் ஜன்னலோரம். அங்கே நின்றுகொண்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. ஏன் முடியாது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. நீ இந்த ஊரில் பிறந்தவள்.

விஷயம் என் மருமகள் பெர்மெத்தைப் பற்றியது. அக்டோபரில் நீ வந்தபோது சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாளே, எர்மெக்கின் மனைவி, அவள்தான். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு கலைந்துபோயின. மூன்று வாரமாக மாலையானால் காய்ச்சல் ஏறுகிறது, காலையில் இறங்கிவிடுகிறது. சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. இடுப்பு விட்டுப்போகிறது என்று சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறாள். இருபத்து நான்கு வயது அவளுக்கு.

பிப்ரவரியில் எங்கள் மந்தையில் பதினோரு ஆடுகள் செத்த குட்டி போட்டன. அவற்றை இழுத்துப் போட்டவள் பெர்மெத். நான் கையுறை கொடுத்திருந்தேன். வழுக்குகிறது என்று என் மாமனார் கழற்றச் சொல்லியிருக்கிறார், கழற்றிவிட்டாள். இருபத்தேழு வருடமாக இந்த ஊருக்கு ஊசி போடுகிற எனக்கே இது என்ன காய்ச்சல் என்று தெரிகிறது. நீ பேராசிரியர். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

போன வாரம் அவளை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரம் லாரியில், மடியில் தலையணை வைத்து. ஆட்டுக் காய்ச்சலுக்கு ரத்தம் பாருங்கள் என்று கேட்டேன். அங்கிருந்த டாக்டர் சின்னப் பையன், மரியாதையானவன்தான். ஒரு காகிதத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, உங்க ஊரு பட்டியல்லயே இல்ல. பரிசோதனை மருந்து பட்டியல்ல இருக்கிற ஊருக்குத்தான் வருது. மருத்துவக் கல்லூரியே நேர்ல வந்து பாத்து சுத்தம்னு எழுதிட்டாங்க, அவங்களவிட எனக்கென்ன தெரியும்? இது சளிக் காய்ச்சல்தான். ராஸ்பெர்ரி ஜாம் போட்டு டீ குடிக்கச் சொல்லுங்க." போன வருடம்வரை எங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தது, கனிஷாய். அதை அடித்தது உன் ஒன்பதாம் பக்கம்.

திரும்பி வரும்போது பெர்மெத் அந்தத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஜாம் நம்மகிட்ட இருக்கு அத்தை" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

நீ கேட்கலாம், வீட்டுக்கு வீடு போய்க் கேட்டுத்தானே எழுதினோம் என்று. எப்படிக் கேட்டீர்கள்? நீங்கள் வருவதற்கு முன்பே போனில் நான் சொன்னேன், பெண்களைத் தனியாகக் கேள், சாயங்காலம் பால் கறக்கிற நேரத்தில் மாட்டுக்கொட்டகைக்கு வா, அங்கே ஆண்கள் வர மாட்டார்கள் என்று. நீ சிரித்தாய். "பட்டணத்துப் புள்ளைங்கக்கா, சாணியில நிக்க மாட்டாங்க. அதோட நம்ம ஊரு விருந்த அவங்க பாக்க வேணாமா?" என்றாய். வீட்டுப் பெண் படித்துப் பெரிய ஆளாகி மாணவர்களோடு வருகிறாள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆடு அறுத்தார்கள். விரிப்பு விரித்து, ரொட்டியும் பொரித்த பொர்சோக் மாவுருண்டையும் குவித்து, உனக்கு ஒவ்வொரு வீட்டிலும் மரியாதைக் கறித்துண்டு வைத்தார்கள். விரிப்பின் தலைமாட்டில் மாமனார்கள். கடைக்கோடியில், வாசலை ஒட்டி, கெண்டியோடு மருமகள்கள். அங்கே வைத்து அந்த நீலக் கண்ணாடி போட்ட பெண் டேப்லெட்டை நீட்டி, "அக்கா, உங்களுக்குக் கரு கலைஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

ரொட்டி விரித்த இடத்தில் நோயின் பெயரைச் சொல்ல மாட்டோம். மாமனார் முன்னால் மருமகள் குரலை உயர்த்த மாட்டாள். விருந்தாளியின் மனம் கோணும்படி யாரும் பேச மாட்டோம். இதில் எது உனக்குத் தெரியாது? எங்கள் வீட்டில் என் மாமனாரே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். "ஆண்டவன் புண்ணியத்துல இந்த வீட்ல ஒரு குறையும் இல்ல, சாப்பிடுங்க மக்களே, ஆறிடப்போகுது." அந்தப் பெண் ஒரு தட்டு தட்டினாள், பூஜ்யம் விழுந்தது. இருபத்திரண்டு வீட்டிலும் இப்படித்தான். இருபத்திரண்டு ஆட்டைச் சாப்பிட்டு, இருபத்திரண்டு பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஒன்பதாம் பக்கம் தவறு என்று உன் கையெழுத்தில் மாவட்டத்துக்கு எழுது. எங்கள் ஊரைத் திரும்பப் பட்டியலில் போடச் சொல். பிஷ்கெக்குக்கே கூட்டிப்போகலாம்தான், ஆனால் கணவாயில் இன்னும் பனி கிடக்கிறது, ஒன்பது மணி நேரம் வேனில் குலுங்கினால் காய்ச்சல் செய்யாததை ரோடு செய்துவிடும். போன முறை அவளுக்குக் கலைந்தது ஐந்தாம் மாதத்தின் கடைசியில். இன்னும் அதிக நாள் இல்லை.

உடனே பதில் எழுது. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும் அக்கா,
புருல்கான்.


கோக்-ஜார்,
மார்ச் 24.

மதிப்பிற்குரிய இணைப் பேராசிரியர் கனிஷாய் அவர்களுக்கு,

கோக்-ஜார் கிராமத்தின் சமுதாயக் கூட்டாளி எழுதுவது. தாங்கள் கல்லூரியின் முத்திரைத் தாளில் தட்டச்சு செய்து அனுப்பிய பதில் கிடைத்தது. அக்கா என்ற சொல் அதில் எங்குமே இல்லாததால் அது எனக்குத்தானா என்று முதலில் சந்தேகப்பட்டேன். உறையின் மேல் என் பெயர்தான் இருந்தது.

'அங்கீகரிக்கப்பட்ட முறைப்படியே கணக்கெடுப்பு நடந்தது. பதிலளித்தவர்கள் சொன்னது சொன்னபடி பதியப்பட்டது. தனிநபர் நினைவுகளின் அடிப்படையில் தரவைத் திருத்த இயலாது. கூட்டுத் திட்டத்தின் அடுத்த கட்டம் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பரிசீலிக்கப்படும்.' நான்கு முறை படித்தேன். அந்தப் பிள்ளை வயிற்றில் இரண்டு ஆண்டு காத்திருக்குமா என்று உங்கள் முறையில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

தட்டச்சுக்கு அடியில் பேனாவால் நீ கிறுக்கியிருந்த வரிதான் என்னைப் பற்ற வைத்தது. 'என் நிலைமையப் புரிஞ்சுக்கோக்கா. இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு. இந்த நேரத்துல அறிக்கை தப்புன்னு நானே எப்படிச் சொல்லுவேன்?' இதைப் படித்துவிட்டு வெளியே போய், விறகுக் கட்டைகளை எடுத்து, கை வலிக்கும்வரை பிளந்தேன். உன் அத்தான் வந்து பார்த்துவிட்டு, "குளிர்காலந்தான் முடிஞ்சுடுச்சே, யாருக்கு இந்த விறகு?" என்று கேட்டார். என் தங்கச்சிக்கு என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

வசந்தப் புத்தாண்டு நூருஸ் பண்டிகை வந்தது, போயிற்று. ஊரே கூடி கஞ்சி கிண்டியது. பெர்மெத் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். பண்டிகை நாளில் முகம் வெளுத்து உட்காராதே, ஊர் என்ன நினைக்கும் என்று மாமனார் என்னிடம் சொல்லி அனுப்பினார். அவருடைய பயம் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்த நோய் என்று வெளியே தெரிந்தால் மந்தையை அறுக்கச் சொல்வார்கள், சந்தையில் எங்கள் ஆட்டை ஒருவன் கயிற்றைக்கூடத் தொட மாட்டான். அவருக்கு ஆடு, உனக்குப் பதவி. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சொன்னது சொன்னபடி பதிந்தோம் என்கிறாய். சரி, பதிந்ததைப் பற்றியே பேசலாம். அன்றைக்கு எங்கள் வீட்டு விரிப்பில், மாமனார் பதில் சொல்லி முடித்த பிறகு, அந்த நீலக் கண்ணாடிப் பெண் என் பக்கம் திரும்பினாள். நல்ல பெண், விடாமல் கேட்டாள். "நர்ஸ் அக்கா, உங்களுக்கு எப்பவாச்சும் கலைஞ்சிருக்கா, செத்துப் பிறந்திருக்கா?" என்றாள். நான் கெண்டியைக் கீழே வைக்காமல் "இல்ல கண்ணு" என்றேன். இந்த ஊர்ப் பெண்களுக்குக் கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்று இருபத்தேழு வருடமாகப் பாடம் எடுக்கிற நர்ஸ், இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ கிண்ணத்துக்குள் குனிந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தாய். அது ஆறிப்போய்ப் பத்து நிமிடமாகியிருந்தது.

நான் பொய் சொன்னேன், கனிஷாய். என் பொய்யை நான் ஒத்துக்கொள்கிறேன். நீ?

எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருடம். எனக்குத் துணையாக இருக்கச் சொல்லி அம்மா உன்னை அனுப்பினாள், உனக்குப் பதினைந்து. ஏழாம் மாதத்தில் அது விழுந்தது. வீட்டில் ஆண்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள், நான் கத்தக் கூடாதென்று துணியைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்தது நீ. உன் பள்ளிக்கூடச் சால்வையில் சுற்றி, "பொண்ணுக்கா" என்று என் காதில் சொன்னவள் நீ. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நாமும் உட்கார்ந்து தேநீர் ஊற்றினோம். இன்றுவரை அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அடுத்த வருடம் எர்மெக் பிறந்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டார்கள்.

பத்திரிகைக்காரி ஒருத்தி உன்னிடம் ஏன் டாக்டர் ஆனாய் என்று கேட்டபோது, சின்ன வயதில் கிராமத்துப் பெண்களின் துயரத்தைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னாயே. அந்தப் பக்கத்தை வெட்டி நிலையத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். இன்று காலை அதைக் கிழித்துவிட்டேன். அந்தத் துயரம் உன் கையில் கிடந்தது. அதை வைத்துப் படித்தாய், பட்டம் வாங்கினாய், பேட்டி கொடுத்தாய். எழுத வேண்டிய ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் உன் பிள்ளைகள் பூஜ்யம் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். தனிநபர் நினைவு என்று எனக்குத் தாள் அனுப்புகிறாய்.

நான் சொல்லாததற்கு எனக்கு மாமனார் இருந்தார். உனக்கு யார் இருந்தார்? அது உன்னைக் கட்டிக்கொடுத்த வீடில்லை. அங்கே நீ தலையில் துணி போட வேண்டியதில்லை, குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. 'மன்னிக்கணும் பெரியவரே, பொம்பளைங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எழுந்து வெளியே போயிருப்பார். பட்டணத்து டாக்டரம்மா சொன்னால் கேட்பார்கள். ஆனால் நீ அன்றைக்கு டாக்டராக வரவில்லை, விருந்தாளியாக வந்தாய். விருந்து, மரியாதைக் கறித்துண்டு, வாழ்த்து எல்லாம் உனக்கு வேண்டியிருந்தது. அதில் ஒரு குறைகூட விழுந்துவிடக் கூடாது என்று இருந்தாய்.

நான் இனி உனக்குக் கெஞ்சி எழுதப்போவதில்லை. செய்ய வேண்டியதை நானே செய்துகொள்கிறேன்.

புருல்கான்.


கோக்-ஜார்,
ஏப்ரல் 5.

கனிஷாய்,

கெஞ்ச மாட்டேன் என்று எழுதினேன். அதை மறந்துவிடு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் வேன் ஓட்டும் சத்தார். அவர் கையில் தடுப்பூசி கொண்டுவருகிற நீலப் பெட்டி இருக்கும். பெட்டியை முதலில் வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வை, பிறகு மேலே படி.

போன கடிதம் எழுதிய மறுநாளிலிருந்து நான் மாட்டுக்கொட்டகைகளுக்குப் போனேன். உன் பிள்ளைகள் போன அதே இருபத்திரண்டு வீடுகள். சாயங்காலம் பால் கறக்கிற நேரம். எட்டு நாள் ஆயிற்று. ஒரு நோட்டும் பென்சிலும்தான் கொண்டு போனேன். யாரையும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. நானும் ஒரு மாட்டுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கறந்தேன். கறந்துகொண்டே முதலில் என் கதையைச் சொன்னேன். ஏழாம் மாதம், பெண் குழந்தை என்று. முதல் நாள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாலாம் நாள் பழகிவிட்டது.

பக்கத்து வீட்டு குல்சினாவை உனக்குத் தெரியும், வாய் ஓயாதவள். அக்டோபரில் அவளும் பூஜ்யம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஏன்டி என்று கேட்டேன். "எப்படிக்கா சொல்லுவேன்? அந்தப் பொண்ணு டேப்லெட்ட நீட்டுறப்போ என் மாமனார் பக்கத்துல உக்காந்து எலும்ப உறிஞ்சிட்டிருக்கார். அவர் முன்னாடி நான் தும்மக்கூட மாட்டேன், கர்ப்பப்பையத் தொறந்து காட்டச் சொல்றீங்களா?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "ரெண்டு" என்றாள். அதற்குப் பிறகு கறக்க மட்டும் கறந்தாள். முப்பத்திரண்டு பெண்களிடம் பேசினேன். பதினொரு பேர் கலைந்தது என்று சொன்னார்கள்.

பெர்மெத்தைக் கடைசியில்தான் கேட்டேன். எனக்குத்தான் தெரியுமே, கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சும்மா முறைக்காக, "உனக்கு ரெண்டுன்னு எழுதிக்கிறேன்மா" என்றேன். அவள் பால் வாளியை நகர்த்தி வைத்தாள். "மூணு அத்தை" என்றாள். கல்யாணமான முதல் கோடையில், மலை மேல் மேய்ச்சலுக்குப் போயிருந்தபோது ஒன்று. யாரிடமும் சொல்லாமல் ஓடையில் கழுவிக்கொண்டு வந்து, அன்றைக்கே மாவு பிசைந்து ரொட்டி போட்டிருக்கிறாள். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் நர்ஸ், நான் உன் மாமியார் என்று கத்தினேன். அவள் பயந்துபோய், "உங்களுக்கு பயந்துதான் அத்தை" என்றாள். "வந்த முதல் வருஷமே குறைன்னு நெனச்சுடுவீங்களோன்னு."

உன்னைத் திட்டி இரண்டு கடிதம் எழுதினேனே, அந்தக் கையை அங்கேயே வெட்டிப்போடலாம் போலிருந்தது. எங்கள் வீட்டு விரிப்பின் தலைமாட்டில் மாமனார் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அதனால் நேற்று மதியம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். மாமனார், உன் அத்தான், எர்மெக் எல்லாரும் இருந்தார்கள். இந்த வீட்டில் எனக்கு ஒரு பெண் குழந்தை செத்துப் பிறந்தது, பெர்மெத்துக்கு மூன்று கலைந்திருக்கிறது, நாலாவதையும் இழக்க நான் விட மாட்டேன், இன்றைக்கு ரத்தம் எடுக்கப்போகிறேன் என்றேன். உன் அத்தான் ரொட்டியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததை நான் சொல்லிவிட்டேன் என்றுதான் பார்த்தார். மாமனார் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "நம்ம ஆட்ட இனி யாரு வாங்குவா?" என்று கேட்டார். அது ஒன்றுதான் கேட்டார். நான் இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு எதிர்ப்பேச்சு பேசினேன். "ஆடு வாங்க ஆளு வருவாங்க மாமா. இந்த வீட்டுத் தொட்டில்ல போட யாரு வருவாங்க?" என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். இதுவரை என்னோடு பேசவில்லை. உன் அத்தானும் பேசவில்லை. எர்மெக் மட்டும் பெர்மெத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பெரியவர்கள் முன்னால் அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நேற்று சாயங்காலம் நான் பேசிய முப்பத்திரண்டு பேரும் நிலையத்துக்கு வந்து ரத்தம் கொடுத்தார்கள். பெட்டியில் என்னுடையதையும் சேர்த்து முப்பத்து மூன்று குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உண்மைப் பெயரும் வயதும் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறேன். நோட்டும் உள்ளே இருக்கிறது, யார் எப்போது எத்தனையாம் மாதத்தில் இழந்தார்கள் என்று. இது தனிநபர் நினைவில்லை, கனிஷாய், ஒரு ஊர். ஒவ்வொருத்தியும் அவள் பெயருக்கு நேரே அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். குல்சினா போட்டதில் தாள் கிழிந்துவிட்டது. உன் ஒன்பதாம் பக்கத்தை என்ன செய்வதென்று இனி நீயே முடிவு செய். பதவி போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இதைத் தூக்கி மூலையில் வைத்தாயானால், இந்தக் கடிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு கணவாயில் பனி கரைந்த அன்றைக்கே உன் கல்லூரி வாசலில் வந்து நிற்பேன். வெறும் கையோடு வர மாட்டேன், இந்தப் பெண்களோடு வருவேன்.

முதல் குழாய் என்னுடையது. இரண்டாவது, சிவப்பு நூல் கட்டியது, பெர்மெத்துடையது. அதை மட்டும் இன்றைக்கே பார். மற்றவை நாளைக்கு இருக்கட்டும். முடிவு தெரிந்ததும் குல்சினாவின் போனுக்குக் கூப்பிடு. நோய் இருந்தால், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொடுக்கக்கூடிய மருந்து எது என்று உனக்குத்தான் தெரியும். அதை நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. சத்தார் திங்கட்கிழமை திரும்புகிறார், உனக்கு முன்சீட்டு பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்காக யாரும் ஆடு அறுக்கப்போவதில்லை. முன்வாசலுக்கு வராதே, கொட்டகைப் பக்கமாக வா. நானும் அவளும் அங்கேதான் இருப்போம்.

முந்தாநாள் பிள்ளை அசைந்தது என்று பெர்மெத் அவளாகவே வந்து என்னிடம் சொன்னாள். என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

நீ எங்கிருந்தாலும் உன் கை தொட்டது பிழைக்க வேண்டும் என்றுதான் உன்னைப் படிக்க அனுப்பிய நாளிலிருந்து ஆண்டவனிடம் கேட்கிறேன். கோபத்திலும் அதை நிறுத்தவில்லை. நோட்டில் பெர்மெத்தின் பெயருக்கு எதிரே மூன்று தேதிகள் எழுதியிருக்கிறேன். கோடு போடும்போது நான்காவதாக ஒரு கட்டமும் விழுந்துவிட்டது. அதில் எதையும் எழுதும்படி வைத்துவிடாதே, தங்கச்சி. சீக்கிரம் வா.

உன் அக்கா,
புருல்கான்.